ஸ்குவிட் புரொக்சி நின்றுவிட்டால் எங்கிருந்து தேடுவது? புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ 20 கணினி உள்ள ஒரு ரியூட்டரி ஆய்வுகூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே போக ஒரே ஒரு 4ஜி ரவுட்டர். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் பக்கேஜ். உபுண்டுவுக்கு 300 எம்பி புதுப்பிப்பு வந்தால், 20 கணினியும் தனித்தனியே இறக்கி 6 ஜிபி கரைந்துவிடும். நடுவில் பழைய கணினி ஒன்றில் லினக்ஸும், இறக்கியதைச் சேர்த்து வைத்து எல்லோருக்கும் கொடுக்கும் ஸ்குவிட் என்ற புரொக்சி (இடைநிலை) நிரலும் போட்டு வைத்தால் அந்த 300 எம்பி ஒரு தடவைதான் வெளியிலிருந்து வரும். மிச்சம் 19 கணினிக்கும் உள்ளேயே கிடைக்கும்.

ஒருநாள் பின் வாங்கிலிருந்து "சேர், நெற் வேல செய்யுதில்ல" என்று ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் பலரும் செய்வது: சேர்வரை நிறுத்தித் தொடக்குவது, சரிவராவிட்டால் கேஷை, அதாவது ஸ்குவிட் சேர்த்து வைத்த கோப்புகளை அழிப்பது, அதுவும் சரிவராவிட்டால் ஸ்குவிட்டை முழுதாக நீக்கித் திரும்ப நிறுவுவது. தயவுசெய்து இந்த வரிசையில் இறங்காதீர்கள். மறுதொடக்கம் செய்தால் அந்த நேரத்து நிலைமை தெரியாமல் போகும். கேஷை அழித்தால் பல வாரமாகச் சேர்ந்த ஜிபி போய், திரும்பக் காசு கொடுத்து இறக்க வேண்டிவரும். இத்தனைக்கும் பிறகு பிழை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு கோரிக்கை மூன்று கட்டமாகப் போகிறது. பிள்ளையின் கணினியிலிருந்து ஸ்குவிட்டுக்கு ஒன்று. ஸ்குவிட்டுக்குள்ளே அனுமதியும் கேஷும் பார்ப்பது இரண்டு. ஸ்குவிட்டிலிருந்து வெளி இணையத்துக்கு மூன்று. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைச் சொல்லும் சாட்சி, நடந்ததை ஸ்குவிட் வரிவரியாக எழுதிவைக்கும் லொக் கோப்பு.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்லும் விதத்தில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லுவோம். எடுத்துக்காட்டுகளில் சேர்வரின் முகவரி 192.168.8.2, ரவுட்டர் 192.168.8.1, ஸ்குவிட்டின் போர்ட் 3128. இயங்குவது உபுண்டு அல்லது டெபியன்.

முதலில் லொக்

சேர்வரில் இதைத் தட்டித் திறந்தபடியே வைத்திருங்கள்:

சுடோ டெயில் -எஃப் /வார்/லொக்/ஸ்குவிட்/அக்சஸ்.லொக்

பக்கத்திலேயே கேஷ்.லொக் என்று இன்னொரு கோப்பு இருக்கும். பெயரைப் பார்த்து, கேஷில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அது ஸ்குவிட்டின் நாட்குறிப்பு: தொடங்கியது, நின்றது, எந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை, எதில் எச்சரிக்கை என்பதெல்லாம் அதில் விழும். பிள்ளைகளின் கோரிக்கைகள் அக்சஸ்.லொக்கில், ஸ்குவிட்டின் சொந்த வருத்தங்கள் கேஷ்.லொக்கில்.

இப்போது பழுதுள்ள கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து, அக்சஸ்.லொக்கில் விழும் வரியைப் பாருங்கள். ஒரு வரியை எடுத்துப் பிரிப்போம்:

1768190400.317 3 192.168.8.34 ரிசிபி_டினைட்/403 3895 கெட் எச்ரிரிபி://எக்சாம்பிள்.கொம்/ - ஹையர்_நன்/- டெக்ஸ்ட்/எச்ரிஎம்எல்

முதலாவது எண் நேரம், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடி. "டேட் -டி @1768190400" என்று தட்டினால் 2026 ஜனவரி 12, காலை 9:30 என்று விடை வரும். இரண்டாவது எண் மில்லி விநாடி: இந்தக் கோரிக்கைக்கு 3 மில்லி விநாடிதான் எடுத்தது. அடுத்தது கேட்ட கணினியின் ஐபி. அதன்பின் வரும் சொல்லும் எண்ணும்தான் தீர்ப்பு: டினைட், 403. கடைசிக்கு முன்னால் உள்ள ஹையர்_நன் என்பதன் பொருள், ஸ்குவிட் வெளியே யாரிடமும் போகவில்லை. இத்தனையையும் சேர்த்து வாசித்தால், கோரிக்கை சேர்வருக்கு வந்து சேர்ந்திருக்கிறது, ஸ்குவிட் தானே மறுத்திருக்கிறது, இணைய இணைப்பில் பிழை இல்லை. ரவுட்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

வரியை வாசிக்கும்போது ஒரு விடயம் மனதில் இருக்கட்டும். கோரிக்கை முடிந்த பிறகுதான் வரி எழுதப்படும். அதில் உள்ள நேரமும் முடிந்த நேரமே. 500 எம்பி கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது லொக்கில் அது தெரியாது. அதேபோல ரிசிபி_டனல் என்று வரும் வரிகளில் மில்லி விநாடி 180000 என்று இருந்தால் பயப்படாதீர்கள். அந்த எச்ரிரிபிஎஸ் இணைப்பு மூன்று நிமிடம் திறந்திருந்தது என்பதே அதன் கருத்து. அதை வைத்து "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று முடிவெடுத்துவிடக் கூடாது.

லொக்கில் வரியே விழவில்லை என்றால்

கோரிக்கை ஸ்குவிட்டை எட்டவில்லை. முதல் கட்டத்தில் தேடுங்கள், இந்த ஒழுங்கில்.

1. ஸ்குவிட் ஓடுகிறதா: சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஸ்குவிட்

2. 3128இல் கேட்டுக்கொண்டிருக்கிறதா: சுடோ எஸ்எஸ் -எல்ரிஎன்பி. வரும் பட்டியலில் 3128 இருக்க வேண்டும். அது 127.0.0.1:3128 என்று மட்டும் இருந்தால் ஸ்குவிட் தன் கணினிக்கு மட்டுமே காது கொடுக்கிறது. /ஈரிசி/ஸ்குவிட்/ஸ்குவிட்.கொன்ஃப் என்ற அமைவுக் கோப்பின் எச்ரிரிபி_போர்ட் வரியில் வெறும் 3128 என்று மாற்றுங்கள்.

3. சேர்வரின் ஐபி மாறிவிட்டதா: ஐபி அட்ரஸ். கரண்ட் போய் வந்த பிறகு வரும் முறைப்பாடுகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டர் திரும்ப எழும்பி, நேற்று 192.168.8.2 ஆக இருந்த சேர்வருக்கு இன்று 192.168.8.15 கொடுத்திருக்கும். 20 கணினியும் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் டிஎச்சிபி (ஐபி பகிர்ந்து தரும்) பக்கத்தில் சேர்வரின் மக் முகவரிக்கு (நெற்வேர்க் அட்டையின் நிலையான எண்ணுக்கு) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இது இனி வராது.

4. தீச்சுவர் மறிக்கிறதா: யூஎஃப்டபிள்யூ போட்டிருந்தால் உங்கள் வலையமைப்புக்கு மட்டும் திறவுங்கள்.

சுடோ யூஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரொம் 192.168.8.0/24 ரு எனி போர்ட் 3128 புரோட்டோ ரிசிபி

பிரவுசர் தரும் செய்தியும் உதவும். உடனடியாக மறுப்பு வந்தால் அந்த முகவரியில் கணினி இருக்கிறது, ஆனால் 3128இல் யாரும் இல்லை. நீண்ட நேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால் ஐபி பிழை, அல்லது தீச்சுவர். ஆனால் ஃபயர்ஃபொக்ஸில் ஒரு பொறி உண்டு: எச்ரிரிபிஎஸ் தளத்துக்கு ஸ்குவிட் அனுமதி மறுத்தாலும் "புரொக்சி இணைப்பை மறுக்கிறது" என்ற அதே செய்திதான் வரும். ஆகவே சோதிக்கும்போது எச்ரிரிபி என்று முழுதாகத் தட்டி ஒரு சாதாரணத் தளத்தைத் திறவுங்கள். ஸ்குவிட்டின் பிழைப்பக்கம் வந்தால் அதன் அடியில் நேரமும் சேர்வரின் பெயரும் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கண்டாலே முதல் கட்டம் சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரைப் பக்கம் உள்ள கட்டடங்களுக்கு இன்னொன்று. கல்லடி, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று என்று உப்புக்காற்று படும் இடங்களில் நெற்வேர்க் கேபிளின் செப்பு முனைகள் பச்சை பிடிக்கும். கேபிள் அறுந்தது போல முழுதாக நிற்காது; விட்டுவிட்டு வரும். சேர்வரில் "ஐபி -எஸ் லிங்க்" என்று தட்டி, பிழைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அமைவுக் கோப்பை விட்டுவிட்டுக் கேபிளை மாற்றுங்கள்.

டினைட் என்று வந்தால்

403 என்றால் விதி மறுக்கிறது. 407 என்றால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. நீங்கள் கடவுச்சொல் முறையே போடவில்லை என்றால் 407 வராது.

புதிதாக நிறுவிய ஸ்குவிட்டில் 403 வருவது பிழை அன்று. டெபியன், உபுண்டு பொதிகள் (நிறுவும் கோப்புகள்) பாதுகாப்புக்காக அந்தக் கணினிக்கு மட்டுமே அனுமதி கொடுத்து வருகின்றன. உங்கள் வலையமைப்புக்கு நீங்களே திறக்க வேண்டும். திறக்க வேண்டிய வரி இது:

எச்ரிரிபி_அக்சஸ் அலவ் லோக்கல்நெட்

லோக்கல்நெட் என்ற பெயரில் 192.168, 10, 172.16 முதலிய உள்வலை முகவரிகள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருக்கும். பிரச்சினை வரியில் அல்ல, அதை எழுதும் இடத்தில்தான் வருகிறது. ஸ்குவிட் விதிகளை மேலிருந்து கீழாக வாசித்து, முதலில் பொருந்திய விதியோடு நின்றுவிடும். கோப்பின் கடைசியில் "எச்ரிரிபி_அக்சஸ் டினை ஓல்" இருக்கிறது. அதற்குக் கீழே கொண்டுபோய் அனுமதியை எழுதினால் அந்த வரியை யாரும் வாசிக்கப் போவதில்லை. இப்போதைய பதிப்புகளில் /ஈரிசி/ஸ்குவிட்/கொன்ஃப்.டி என்ற கோப்புறைக்குள் .கொன்ஃப் என்று முடியும் உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றை வையுங்கள். அது சரியான இடத்தில், டினைக்கு மேலே சேரும். ஆயிரக்கணக்கான வரியுள்ள பெரிய கோப்பைக் கிண்டுவதைவிட இது நல்லது. என்ன மாற்றினீர்கள் என்று ஆறு மாதம் கழித்தும் தெரியும்.

அவசரத்தில் "அலவ் ஓல்" என்று எழுதாதீர்கள். ரவுட்டரில் போர்ட் ஒன்று வெளியே திறந்திருந்தால் உலகில் உள்ள எவரும் உங்கள் சேர்வர் வழியாகப் போகலாம். உங்கள் டேட்டாவும் முடியும், உங்கள் ஐபியின் பெயரும் கெடும்.

மாற்றிய ஒவ்வொரு தடவையும் முதலில் சரிபார்ப்பு, பிறகு மறுவாசிப்பு:

சுடோ ஸ்குவிட் -கே பார்ஸ்
சுடோ ஸ்குவிட் -கே ரீகொன்ஃபிகர்

பார்ஸ் பிழையைக் கண்டால் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லும். பெரும்பாலான மாற்றங்களுக்கு ரீகொன்ஃபிகர் போதும், மறுதொடக்கம் வேண்டாம். மறுதொடக்கம் கொடுத்துவிட்டு "தொங்கிப்போய்விட்டது" என்று சிலர் மின்சுவிட்சை அணைக்கிறார்கள். ஸ்குவிட் நிற்கும்போது, திறந்திருக்கும் இணைப்புகள் முடிவதற்காக 30 விநாடி காத்திருக்கும். அது அதன் இயல்பு. ஷட்டவுன்_லைஃப்டைம் 5 செக்கன்ட்ஸ் என்று எழுதினால் குறையும்.

தொடங்கவே மறுத்தால்

கேஷ்.லொக்கின் கடைசி 30 வரியையும் "சுடோ ஜேர்னல்சிடிஎல் -யூ ஸ்குவிட்" தருவதையும் வாசியுங்கள். ஃபேட்டல் என்ற சொல் உள்ள வரிதான் காரணம்.

முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் என்று வந்தால் 3128ஐ வேறொரு நிரல் பிடித்திருக்கிறது. அநேகமாக நிற்காமல் கிடக்கும் பழைய ஸ்குவிட்டே. எஸ்எஸ் கட்டளை அதன் எண்ணைக் காட்டும். ஸ்வொப் கோப்புறைகளைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால், கேஷ் கோப்புறை இன்னும் உருவாகவில்லை: ஸ்குவிட்டை நிறுத்திவிட்டு "சுடோ ஸ்குவிட் -இசட்" ஒருதடவை ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டினால் மறுத்துவிடும்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் கோப்புறை யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். டெபியன், உபுண்டுவில் ஸ்குவிட் ஓடுவது புரொக்சி என்ற பயனரின் பெயரில். ரெட்ஹெட் வகையில் ஸ்குவிட் என்ற பயனர். கேஷை வேறு டிஸ்க்குக்கு மாற்றியவர்களுக்குத்தான் இது கூடுதலாக வரும். கோப்புறையின் சொந்தக்காரரை மாற்றினாலும், அதற்கு மேலே உள்ள கோப்புறைகளில் நுழைய அனுமதி இல்லாவிட்டால் பயனில்லை. /மீடியா/ கீழே தானாக ஏறும் டிஸ்க்கில் கேஷை வைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். /ஈரிசி/எஃப்எஸ்டாப் மூலம் நிரந்தர இடத்தில் ஏற்றுங்கள். அதன்பிறகும் மறுத்தால் "சுடோ டிஎம்இஎஸ்ஜி" என்பதில் அப்ஆர்மர் (ஒரு நிரல் எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று மட்டுப்படுத்தும் காவல்) என்ற சொல்லைத் தேடுங்கள். ரெட்ஹெட் வகையில் செலினக்ஸ்.

வெளியே போக முடியாமல் நிற்பது

லொக்கில் 503 அல்லது 504 வந்தால் மூன்றாவது கட்டம். சேர்வரிலேயே இருந்து, ஸ்குவிட் இல்லாமல் நேராகச் சோதியுங்கள்:

கேர்ள் --நோபுரொக்சி '*' -ஐ எச்ரிரிபி://எக்சாம்பிள்.கொம்/

இங்கே -ஐ பெரிய எழுத்து. இதுவும் தோற்றால் ஸ்குவிட்டில் குற்றம் இல்லை. பக்கேஜ் முடிந்துவிட்டதா, ரவுட்டர் கோபுரத்தைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். நேராகப் போகிறது, ஸ்குவிட் வழியாக மட்டும் போகவில்லை என்றால் பெயர்த்தீர்வில், அதாவது டிஎன்எஸ்ஸில் சந்தேகம் வைக்கலாம். ஸ்குவிட் தொடங்கும்போது /ஈரிசி/ரிசொல்வ்.கொன்ஃப் கோப்பை வாசித்து வைத்துக்கொள்கிறது. கரண்ட் வந்ததும் சேர்வர் ரவுட்டருக்கு முந்தி எழும்பினால் அந்தக் கோப்பு வெறுமையாக இருக்கலாம், கேஷ்.லொக்கில் பெயர்ச் சேர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை நிற்கும். ஒரு ரீகொன்ஃபிகர் போதும். திரும்பத் திரும்ப வந்தால் டிஎன்எஸ்_நேம்சேர்வர்ஸ் 192.168.8.1 என்று அமைவில் எழுதிவிடுங்கள்.

மில்லி விநாடி நிரலும் துப்புத் தரும். 60000ஐ ஒட்டி நின்றால் வெளித்தளத்தோடு இணைய ஒரு நிமிடம் முயன்று கைவிட்டிருக்கிறது. கொனெக்ட்_டைம்அவுட்டின் இயல்பளவு அது. 30000ஐ ஒட்டி நின்றால் டிஎன்எஸ் விடை வராமல் நேரம் முடிந்திருக்கிறது.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் கேஷ் ஆகவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகச் சோதிக்கப்படுவதும் இதுதான். லொக்கில் ரிசிபி_ஹிட், ரிசிபி_மெம்_ஹிட் என்றால் உள்ளிருந்து கொடுத்தது. ரிசிபி_ரிஃப்ரெஷ்_அன்மொடிஃபைட் என்றால் வெளியே கேட்டுப் பார்த்து, மாறவில்லை என்று அறிந்து உள்ளிருந்து கொடுத்தது, அதுவும் மிச்சமே. ரிசிபி_மிஸ் என்றால் முழுதாக வெளியிலிருந்து.

சோதனையை முதலில் சரியாகச் செய்யுங்கள். பிரவுசரில் கொன்ட்ரோல் எஃப்5 அழுத்தினால் பிரவுசர் "கேஷிலிருந்து தராதே" என்று தானே சொல்லிவிடும்; லொக்கில் ரிசிபி_கிளையன்ட்_ரிஃப்ரெஷ்_மிஸ் விழும். மேலே சொன்ன கேர்ள் -ஐ என்பதும் இதற்கு உதவாது. அது தலைப்பை மட்டும் கேட்கிறது; கோப்பே இறங்காதபோது கேஷில் எதைச் சேர்ப்பது? இதை இரண்டு தடவை ஓட்டுங்கள்:

கேர்ள் -எஸ் -ஓ /டெவ்/நல் -டி - -எக்ஸ் 192.168.8.2:3128 எச்ரிரிபி://(கோப்பின் முழு முகவரி)

-டி மட்டும் பெரிய எழுத்து. வரும் தலைப்புகளில் எக்ஸ்-கேஷ் என்ற வரி முதல் தடவை மிஸ் என்றும் இரண்டாம் தடவை ஹிட் என்றும் காட்ட வேண்டும்.

இரண்டு தடவையும் மிஸ் என்றால் காரணங்கள் இவை. கேஷ்_டிர் வரி இயல்பில் கருத்துரையாகவே கிடக்கும், அப்படியானால் கேஷ் நினைவகத்தில் மட்டும், 256 எம்பி அளவில் இருக்கிறது, மறுதொடக்கத்தோடு போய்விடும். அடுத்தது, கோப்பின் அளவு. இயல்பாக 4 எம்பிக்கு மேற்பட்ட எதையும் ஸ்குவிட் டிஸ்க்கில் சேர்க்காது. பெரிய பொதிகள்தானே நமக்கு வேண்டும்? ஆகவே இரண்டு வரியும் இந்த ஒழுங்கில், அளவு முதலில், கோப்புறை பிறகு:

மெக்ஸிமம்_ஒப்ஜெக்ட்_சைஸ் 1 ஜிபி
கேஷ்_டிர் ஏயூஎஃப்எஸ் /வார்/ஸ்பூல்/ஸ்குவிட் 20000 16 256

ஒழுங்கை மாற்றி எழுதினால் கேஷ்_டிர் பழைய 4 எம்பியையே எடுத்துக்கொள்ளக்கூடும். 20000 என்பது எம்பி, அதாவது ஏறக்குறைய 20 ஜிபி. 16, 256 என்பன துணைக்கோப்புறைகளின் எண்ணிக்கை. அவற்றை மாற்ற வேண்டாம். இந்த வரியைப் புதிதாகச் சேர்த்ததும் ஸ்குவிட்டை நிறுத்தி, -இசட் ஓட்டி, தொடக்குங்கள்.

இனி எச்ரிரிபிஎஸ். இன்றைய தளங்களில் மிகப் பெரும்பாலானவை பூட்டிய உறையில்தான் வருகின்றன. ஸ்குவிட்டுக்கு உறையின் மேல் உள்ள முகவரி தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே சேர்த்து வைக்க எதுவும் இல்லை. லொக்கில் ரிசிபி_டனல் என்று வரும். யூரியூப் வீடியோ கேஷ் ஆகவில்லை என்று நாள்கணக்காக ரிஃப்ரெஷ் விதிகளைத் திருத்துபவர்கள் உண்டு; எந்த விதியாலும் அது நடக்காது. உறையைப் பிரித்து வாசிக்கும் முறை ஸ்குவிட்டில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கணினியிலும் உங்கள் சான்றிதழை ஏற்ற வேண்டும். பிள்ளைகளின் மின்னஞ்சலும் வங்கிக் கடவுச்சொல்லும் உங்கள் சேர்வரில் திறந்து கிடக்கும். ரியூட்டரிக்கும் வாசிகசாலைக்கும் அதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்படியானால் கேஷால் என்ன லாபம்? லினக்ஸ் பொதிகள் இன்றும் பெரும்பாலும் சாதாரண எச்ரிரிபி வழியாகவே வருகின்றன. அவற்றின் நம்பகத்தன்மையைக் கையொப்பம் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் புதுப்பிப்பின் பெருங்கோப்புகளும் எச்ரிரிபியில் வருகின்றன. டேட்டாவைத் தின்பவையும் இவைதாம்.

லினக்ஸ் கணினிகளுக்கு மூன்று விடயம். ஏபிரி என்பதற்கு (பொதிகளை இறக்கி நிறுவும் கட்டளைக்கு) புரொக்சியைத் தனியே சொல்ல வேண்டும். டெர்மினலில் எச்ரிரிபி_புரொக்சி மாறியை அமைத்தாலும் சுடோ போட்டதும் அது கழன்றுவிடும். /ஈரிசி/ஏபிரி/ஏபிரி.கொன்ஃப்.டி/ உள்ளே ஒரு கோப்பில் இதை எழுதுங்கள்:

அக்குவயர்::எச்ரிரிபி::புரொக்சி "எச்ரிரிபி://192.168.8.2:3128";

அடுத்தது, எல்லாக் கணினியும் ஒரே மிரரை (பொதிகளின் நகலை வைத்திருக்கும் தளத்தை) பார்க்கட்டும். ஸ்குவிட் கோப்பை அடையாளம் காண்பது முழு முகவரியால். ஒன்று இலங்கை மிரரிலும் இன்னொன்று பிரதானத் தளத்திலும் அதே கோப்பை எடுத்தால் ஸ்குவிட்டுக்கு அவை இரண்டு கோப்பு. மூன்றாவது, பொதிக் கோப்புகளுக்கு ஒரு விதி; புள்ளியில் தொடங்கும் பொது விதிக்கு மேலே இருக்க வேண்டும்:

ரிஃப்ரெஷ்_பற்றர்ன் \.டெப்$ 129600 100% 129600

எண்கள் நிமிடத்தில், 129600 என்றால் 90 நாள். பொதியின் பெயரிலேயே பதிப்பெண் இருப்பதால் பழைய கோப்பு புதியதாக வந்து ஏமாற்றாது. பட்டியல் கோப்புகளுக்கு மட்டும் இப்படி எழுதிவிடாதீர்கள். அவை தினமும் மாறும். பழையது கேஷில் நின்றால் ஏபிரி "ஹாஷ் சம் மிஸ்மச்" என்று கத்தும். அப்படி ஏற்கெனவே வந்துவிட்டால் ஒரு தடவை:

சுடோ ஏபிரி-கெட் -ஓ அக்குவயர்::எச்ரிரிபி::நோ-கேஷ்=ட்ரூ அப்டேட்

விண்டோஸ் சிக்கலானது. அது கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும். ஸ்குவிட் துண்டுகளைச் சேர்த்து வைக்காது. ரேஞ்ச்_ஒஃப்செட்_லிமிட், குவிக்_அபோர்ட்_மின் -1 என்ற இரண்டையும் போட்டால் முழுக் கோப்பையும் இழுத்து வைக்கும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உண்மைதான். அதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: குவிக்_அபோர்ட்_மின் -1 எல்லாக் கோப்புக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை பெரிய கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழுத்திவிட்டு உடனே ரத்துச் செய்தாலும் ஸ்குவிட் கடைசி பைட் வரை இறக்கியே தீரும். அளந்து தரும் பக்கேஜில் இது ஒரே நாளில் மாதத்தை முடித்துவிடும். ரேஞ்ச்_ஒஃப்செட்_லிமிட்டுக்கு ஏசிஎல் (எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பட்டியல்) கொடுத்து விண்டோஸ் புதுப்பிப்புத் தளங்களோடு மட்டுப்படுத்துங்கள். குவிக்_அபோர்ட்டை இயல்பிலேயே விடுங்கள்.

பயன் எவ்வளவு என்று அறிய, ஸ்குவிட் 6 வரையான பதிப்புகளில் "ஸ்குவிட்கிளையன்ட் எம்ஜிஆர்:இன்ஃபோ" தட்டலாம். ஹிட் விகிதம் இரண்டு இருக்கும். கோரிக்கை விகிதத்தை விடுங்கள். பைட் விகிதம்தான் பக்கேஜில் மிச்சமானதைச் சொல்லும்.

மெதுவாகிப்போனால்

கேஷ்_மெம் 256 எம்பி என்று எழுதியிருக்கிறோம், ஸ்குவிட் 700 எம்பி எடுக்கிறதே என்று பலர் குழம்புகிறார்கள். கேஷ்_மெம் என்பது நினைவகத்தில் வைக்கும் கோப்புகளுக்கு மட்டும். டிஸ்க்கில் உள்ள கேஷின் சுட்டியும் (எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையும்) நினைவகத்தில்தான் இருக்கும்: 64 பிட் கணினியில் ஒவ்வொரு ஜிபி கேஷுக்கும் 14 எம்பி அளவில். 20 ஜிபி கேஷுக்கு 280 எம்பி. இத்தோடு கேஷ்_மெம்மும் ஸ்குவிட்டின் சொந்தத் தேவையும் சேரும். 2 ஜிபி றாம் உள்ள பழைய கணினிக்கு 20 ஜிபி போதும். டிஸ்க் பெரிதாக இருக்கிறதே என்று 200 ஜிபி கொடுத்தால் சுட்டிக்கே 2.8 ஜிபி வேண்டும், கணினி ஸ்வொப்பில் (றாம் போதாமல் டிஸ்க்கை நினைவகமாகப் பாவிப்பதில்) விழுந்து நகராது. "விஎம்ஸ்டாட் 5" தட்டி, எஸ்ஐ, எஸ்ஓ நிரல்கள் பூச்சியமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

கேஷ்.லொக்கில் ஃபைல்டிஸ்கிரிப்டர்கள் (ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்பு, இணைப்பு எண்ணிக்கை) முடிகின்றன என்ற எச்சரிக்கை வந்தால் மெக்ஸ்_ஃபைல்டிஸ்கிரிப்டர்ஸ் 4096 என்று ஏற்றி, ஸ்குவிட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். டிஸ்க் நிறைந்ததா என்று "டிஎஃப் -எச்" பாருங்கள். நிறைந்திருந்தால் அக்சஸ்.லொக்கை ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள்: ஸ்குவிட் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் திரும்பாது. அழித்துவிட்டீர்கள் என்றால் "சுடோ ஸ்குவிட் -கே ரொட்டேட்" கொடுங்கள். கேஷ்_டிர் அளவு அந்தப் பார்ட்டிஷனில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கரண்ட் போய் வந்த பிறகு

நவம்பர் தொடங்கி மாரி மழையோடு இடியும் மின்தடையும் வரும் ஊர் இது. திடீரென்று அணைந்த சேர்வர் எழும்பும்போது கேஷ்.லொக்கில் சேமிப்பை மீளக் கட்டுகிறேன், டேர்ட்டி என்று ஒரு வரி நிற்கும். ஸ்குவிட் தன் சுட்டியை நம்பாமல் கோப்பு கோப்பாகச் சரிபார்க்கிறது. பழைய டிஸ்க்கில் நேரம் எடுக்கும். அதுவரை மெதுவாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். மீளக்கட்டி முடிந்தது என்ற வரி வரும்வரை விட்டுவிடுங்கள். இடையில் மறுதொடக்கம் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்கும்.

எழுத முடியாத கோப்பு முறைமை என்று வந்தால் லினக்ஸே டிஸ்க்கைப் பூட்டிவிட்டது. டிஎம்இஎஸ்ஜியில் டிஸ்க் பிழைகள் இருக்கும். எஃப்எஸ்சிகே (டிஸ்க்கின் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டாமல் ஸ்குவிட்டைத் தொடுவதில் பயன் இல்லை. "டைம்டேட்சிடிஎல்" தட்டி நேரத்தையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னே போயிருக்கும். எது பழையது எது புதியது என்று ஸ்குவிட் போடும் கணக்கெல்லாம் பிழைக்கும்.

ஸ்குவிட் எழும்பியவுடன் திரும்பத் திரும்ப விழுந்து, கேஷ்.லொக் கேஷ் கோப்புறையையே குற்றம் சொன்னால் மட்டும் கேஷைப் புதிதாகக் கட்டுங்கள். அப்போதும் அழிக்க வேண்டாம், பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்ற ஒரு விநாடி, 20 ஜிபி சின்னக் கோப்புகளை அழிக்க அரை மணி கூட ஆகலாம்.

சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டொப் ஸ்குவிட்
சுடோ எம்வி /வார்/ஸ்பூல்/ஸ்குவிட் /வார்/ஸ்பூல்/ஸ்குவிட்.பழையது
சுடோ எம்கேடிர் /வார்/ஸ்பூல்/ஸ்குவிட்
சுடோ சிஎச்ஓன் புரொக்சி:புரொக்சி /வார்/ஸ்பூல்/ஸ்குவிட்
சுடோ ஸ்குவிட் -இசட்
சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் ஸ்குவிட்

இரண்டாவது வரியில் "பழையது" என்ற இடத்தில் ஏதாவது ஒரு ஆங்கிலப் பெயர் கொடுங்கள். ஐந்தாவது கட்டளை முடிந்து, "பிஎஸ் ஏயூஎக்ஸ்" பட்டியலில் ஸ்குவிட் இல்லை என்று பார்த்த பிறகே ஆறாவதைத் தட்டுங்கள். புதிய கேஷ் இரண்டு மூன்று நாள் பிரச்சினை இல்லாமல் ஓடினால், பின்னேர வகுப்பு முடிந்து கணினிகள் அணைந்த பிறகு பழைய கோப்புறையை அழிக்கலாம்.